விலைப்பட்டியலில் வராத வேலை

வீடு தேடிப் போய் நாயைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்கிக் கொடுக்கிற தொழில் எங்களுடையது. பெட் குரூமிங் என்று சொன்னால்தான் இப்போது பலருக்கும் புரிகிறது. வடக்கே அத்திப்பட்டு, மீஞ்சூர், தெற்கே எண்ணூர், திருவொற்றியூர் வழியாக சென்னை ராயபுரம் வரை எங்கள் வட்டாரம். வேலை முடிந்து மேசையை மடிக்கும் நேரத்தில் வாடிக்கையாளருக்கு ஒரு தயக்கம் வருவது சகஜம். பில்லுக்கு மேல் ஏதாவது கொடுக்க வேண்டுமா, கொடுத்தால் எவ்வளவு, கொடுக்காமல் விட்டால் தப்பாக நினைப்பார்களா என்று யோசிப்பார். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டுக் கூகுளில் தேடினால் அமெரிக்கக் கணக்குதான் முதலில் வந்து நிற்கும்: பில் தொகையில் 15 முதல் 20 சதவீதம். நம் ஊருக்கு அது ஒத்துவராது என்பது என் கட்சி. நாயின் மேல் கை வைப்பதற்கு முன்னால் யாருக்கும் தெரியாத, விலைப்பட்டியலில் எழுதி வைக்க முடியாத ஒரு வேலை இந்தத் தொழிலில் எப்போதும் உண்டு. டிப்ஸ் அந்த வேலைக்கான காசு. அதை அப்படி எடுத்துக்கொண்டால் யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, யாருக்குக் கொடுக்கவே கூடாது என்பதெல்லாம் பெரிய குழப்பமில்லாமல் தீர்ந்துவிடும்.

சதவீதக் கணக்கின் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். எங்கள் விலைப்பட்டியல் நாயின் இனத்தையும் உருவத்தையும் வைத்துப் போடுவது. பெரிய நாய்க்கு ஷாம்பு கூடுதலாகும், டிரையர் அதிக நேரம் ஓடும், அதனால் தொகையும் கூடும். வேலையின் சிரமமோ எடையைப் பார்த்து வருவதில்லை. முப்பது கிலோ லாப்ரடார் தண்ணீரைக் கண்டாலே குஷியாகிவிடும். நிறுத்திய இடத்தில் நிற்கும். ஆறு கிலோ ஷிட்சூவை இரண்டு மாதம் சீப்பே படாமல் விட்டிருந்தால் நிலைமை வேறு. காதுக்குப் பின்னால், முன்னங்காலின் அக்குளில், கழுத்துப்பட்டை உரசும் இடத்தில், வாலடியில் முடி ஒன்றோடொன்று பின்னி, தோலோடு ஒட்டித் தகடாகியிருக்கும். அதை அப்படியே நனைத்தால் இன்னும் இறுகும் என்பதால் குளிப்பாட்டுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். கத்தரியை நுழைத்தால் ஆபத்து, ஏனென்றால் சிக்கு இழுக்கும்போது தோலும் கூடவே மேலெழும்பி வரும். காது மடலின் தோல் காகிதக் கனம்தான். முடி எது, தோல் எது என்று பார்வைக்குப் பிடிபடாது. முடி வெட்டும் மெஷினின் பத்தாம் நம்பர் பிளேடைத் தோலை ஒட்டிப் படுக்க வைத்து, நூல் நூலாக நகர்த்த வேண்டும். பிளேடு சூடேறிக்கொண்டே போகும், அதனால் அடிக்கடி மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, ஆற விட்டுத் தொடர வேண்டும். தகடு கழன்றதும் உள்ளே தோல் சிவந்து ஈரமாக இருக்கும், பெரும்பாலும் உண்ணியும் இருக்கும். விரலிடுக்கில், காதுக்குழிக்குள் இருக்கிற உண்ணியை நசுக்காமல் நேராக இழுத்தெடுப்பது தனி வேலை. நகம் கறுப்பாக இருந்தால் உள்ளே ரத்த நரம்பு எதுவரை ஓடுகிறது என்பது வெளியே தெரியாது. துளித் துளியாகத்தான் நறுக்கிப் போக வேண்டும்.

இப்போது சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள். ஷிட்சூவுக்கு 1,000 ரூபாய், கோல்டன் ரெட்ரீவருக்கு 2,500 ரூபாய் பில் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இருபது சதவீதம் என்றால் சமர்த்தாக நின்ற நாய்க்கு 500, சிக்கும் உண்ணியுமாக நடுங்கிக்கொண்டே கடிக்க வந்த நாய்க்கு 200. கணக்கு தலைகீழாக நிற்கிறது. சதவீதம் பார்க்க வேண்டாம். வழக்கத்தைவிட எவ்வளவு நேரம் கூடியது, பல்லுக்கும் நகத்துக்கும் எவ்வளவு பக்கத்தில் கை போனது என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். ஒழுங்காகச் சீவி வளர்க்கிற வீட்டில் டிப்ஸ் கொடுக்காமல் விட்டால் ஒரு குறையும் இல்லை. சீப்பைப் பிடித்த அந்தக் கை எங்களுக்குத் தர வேண்டியதை ஏற்கெனவே தந்துவிட்டது.

எங்கள் வட்டாரத்துக்கென்று சில கூடுதல் சங்கதிகள் உண்டு. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது என்பது 1970-களிலிருந்தே பேசப்பட்டு வருகிற விஷயம். காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த கடல்நீர் ஆலை நாளுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தயாரித்துச் சென்னைக் குடிநீர் வாரியத்துக்குக் கொடுப்பதற்காகக் கட்டப்பட்டது. ஆனால் அதன் பக்கத்துத் தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. உப்புத் தண்ணீரில் ஷாம்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினால் அலசித் தீராது. அலசாமல் தோலில் தங்கிய ஷாம்பு, ரெண்டு நாளில் நாயைச் சொறிய வைக்கும். பழி குளிப்பாட்டியவர் தலையில் விழும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது கேன் தண்ணீர் வேண்டும். அடுத்தது தூசி. வடசென்னை அனல் மின் நிலையம் 1994-லிருந்து அத்திப்பட்டை ஒட்டி ஓடுகிறது, வல்லூரில் இன்னொன்று இருக்கிறது. இன்று காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியிருக்கிற எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் செயல்பாட்டுக்கு வந்ததே முதன்மையாக நிலக்கரியை இறக்கத்தான். நிலக்கரித் தூளும் சாம்பலும் காற்றில் கலந்து கிடக்கிற இடத்தில் வெள்ளைப் பொமரேனியன் வளர்த்தால், முதல் அலசலில் வடிகிற தண்ணீர் எழுதுகிற மை நிறத்தில் இருக்கும். அண்ணா நகரில் ஒரு முறை ஷாம்பு போட்டு முடிகிற வேலை இங்கே இரண்டு முறை ஆகிறது. மேசையையும் டிரையரையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே வந்து சேர்கிற பாடு வேறு இருக்கிறது. அந்தப் போக்குவரத்துச் செலவை டிப்ஸில் ஈடுகட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தூரம் முன்கூட்டியே தெரிகிற விஷயம். அதை வண்டிச்சத்தம் என்று பில்லில் தனியாகப் போட்டுவிட வேண்டும். முன்னமே தெரிவதையெல்லாம் டிப்ஸுக்குத் தள்ளிவிடுவது எங்கள் ஆட்களிடம் இருக்கிற கெட்ட பழக்கம்.

யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியில்தான் நல்ல மனசுக்காரர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். தனியாளாகத் தொழில் செய்கிறவர் தன் விலையைத் தானே வைக்கிறார். அவருக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் விலையை ஏற்றட்டும். டிப்ஸை எதிர்பார்த்து விலையைக் குறைத்து வைப்பது வாடிக்கையாளரை ஏமாற்றுகிற வேலை. கடையில் நிலைமை அப்படி இல்லை. கண்ணாடிக்கு முன்னால் கத்தரியோடு நின்று, ரிப்பன் கட்டி, போட்டோ எடுத்துக் கொடுப்பவரை நீங்கள் பார்க்கிறீர்கள். பின்கட்டில் முழங்கை வரை நனைந்து, நாயைப் பிடித்துக் குளிப்பாட்டி, உண்ணி எடுத்து, மலத்தைக் கழுவிய பையனையோ பெண்ணையோ பார்ப்பதில்லை. விலைப்பட்டியலில் வராத வேலையில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது, சம்பளம் குறைவும் அங்கேதான். அந்தத் தம்பியைக் கூப்பிடச் சொல்லிக் கையில் கொடுப்பதுதான் முறை. கல்லாவில் ஒட்டியிருக்கிற கியூஆர் அட்டைக்கு அனுப்பிவிட்டு, டிப்ஸும் சேர்த்திருக்கேன் என்று சொல்லிப் போனால் ஸ்பீக்கர் டப்பா மொத்தத் தொகையை உரக்கச் சொல்லும், பணம் முதலாளி கணக்கில் போய் உட்காரும். நல்ல முதலாளி பிரித்துக் கொடுப்பார், கொடுக்காதவரைக் கேட்க ஆளில்லை. பிரிட்டனில் இதற்கென்று 2023-ல் ஒரு சட்டம் போட்டு, 2024 அக்டோபர் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்: வாடிக்கையாளர் கொடுத்த டிப்ஸ் முழுவதும், பிடித்தம் இல்லாமல், வேலை செய்தவர்களுக்கே போக வேண்டும். நம்மிடம் அப்படி ஒரு சட்டம் வரும்வரை ரொக்கம், இல்லையென்றால் அந்தத் தம்பியின் சொந்த ஜிபே நம்பர்.

கொடுக்கக் கூடாத இடங்களும் உண்டு. கால்நடை மருத்துவருக்கு டிப்ஸ் கொடுப்பது அவரை அவமதிப்பது. பதிவு பெற்ற தொழில்முறையாளர் அவர். எதிர்பாராத சிக்கல் வந்தால் அதற்கும் சேர்த்தே கட்டணம் போடுகிற அதிகாரம் அவர் கையில் இருக்கிறது. தனியார் கிளினிக்கில் ஊசி போடும்போது நாயின் கழுத்தையும் வாயையும் அணைத்துப் பிடித்துக்கொள்கிற உதவியாளருக்குக் கொடுக்கலாம். கடி விழுந்தால் முதலில் விழுவது அவர் கையில்தான். அரசு மருந்தகமோ, 1903-லிருந்து நடக்கிற வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையோ என்றால் யாருக்கும் எதுவும் கிடையாது. டீ குடிக்க என்று சொன்னாலும், சந்தோஷமாகக் கொடுத்தேன் என்று சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அதற்கு வேறு பெயர். 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-ல் திருத்திய பிறகு லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளிதான். கட்டாயத்தால் கொடுக்க நேர்ந்திருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. இங்கே என் வாதத்தின் எல்லையும் தெரிகிறது. விலையில் வராத வேலைக்குக் காசு என்கிற நியாயம், வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிற இடத்தில் செல்லாது. அங்கே கூலியை அரசே கொடுத்துவிடுகிறது. வரிசையில் பின்னால் நிற்கிறவரிடம் கொடுக்கக் காசும் இருக்காது.

வேலைக்கு முன்னால் நீட்டுகிற காசும் இதே ரகம்தான். என் நாயைக் கொஞ்சம் நல்லாப் பார்த்துக்கப்பா என்று ஆரம்பத்திலேயே இருநூறு ரூபாயைப் பையில் திணிக்கிறவரின் பாசம் புரிகிறது. ஆனால் அந்தக் காசு கொடுக்காத வீட்டு நாயை நான் எப்படிப் பார்ப்பேன் என்று அவர் நினைக்கிறார்? 2025 மே மாதம், வண்டி வருவதற்கு முன்பே டிப்ஸ் சேர்க்கச் சொல்கிற வசதிக்காக ஊபர் நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு மார்ச்சில், ஓட்டல் பில்லில் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று அந்த ஆணையம் 2022-ல் போட்ட வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் சரியென்று உறுதி செய்தது. இரண்டிலும் ஒரே நியாயம்தான் இருக்கிறது: டிப்ஸ் வேலை முடிந்த பிறகு, கொடுப்பவர் மனசிலிருந்து வர வேண்டும். முன்னால் வாங்கினால் அது மாமூல். மாமூல் வாங்கிப் பழகிய கை, மாமூல் வராத வீட்டில் நகத்தை அவசரமாக நறுக்கும். ரத்தம் வருவது பேசத் தெரியாத ஜீவனுக்கு.

இதற்கு வருகிற எதிர்ப்பில் வலுவானது சுயமரியாதைக் கட்சி. உழைத்தவன் கை நீட்டி நிற்பதும், கொடுப்பவன் வள்ளலாகிவிடுவதும் எதற்கு, எல்லாவற்றையும் கூலியில் சேர்த்துக் கறாராக வாங்க வேண்டியதுதானே என்கிறார்கள். எனக்கும் இதில் முக்கால்வாசி சம்மதம். டிப்ஸ் வருகிறது என்பதையே சாக்காக வைத்துச் சம்பளத்தைக் குறைத்த கதைக்கு அமெரிக்காவே சாட்சி: டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி கொடுத்தாக வேண்டிய மத்தியக் குறைந்தபட்ச ரொக்கக் கூலி 1991-லிருந்து மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. மீதிக்கு வாடிக்கையாளர் படியளக்க வேண்டும், படியளப்பு குறைந்தால்தான் முதலாளி கணக்கைச் சரிக்கட்ட வேண்டும். அதே நாட்டில்தான் 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே சட்டம் போட்டுத் தடுத்துப் பார்த்தது. இன்னும் சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. ஒன்றும் நிலைக்கவில்லை, சட்டங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டார்கள். ஆகவே பட்டியலில் ஏற்ற முடிந்ததையெல்லாம் ஏற்றிவிட வேண்டும் என்பதில் நான் சுயமரியாதைக்காரர்கள் பக்கம்தான். சிக்கு எடுக்க இவ்வளவு, உண்ணிக் குளியலுக்கு இவ்வளவு என்று எழுதிப்போடுவது எங்கள் கடமை. எழுத முடியாத கால்வாசி ஒன்று மிஞ்சுகிறது, நாயின் குணம். இந்த நாய் டிரையர் சத்தத்துக்கு மிரளுமா, பின்னங்காலைத் தொட்டால் திரும்புமா என்பது மேசையில் ஏற்றிய பிறகுதான் தெரியும். முரட்டு நாய்க்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் எல்லா நாயையும் முரடாக்கிவிடுகிற சாமர்த்தியசாலிகள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். அதை வாடிக்கையாளரின் தீர்ப்புக்கு விடுவதுதான் பாதுகாப்பு.

இன்னொரு எதிர்ப்பு, நாய் வளர்க்கிறவரெல்லாம் பணக்காரரா என்பது. நியாயமான கேள்வி. ஒப்பந்தத் தொழிலாளி, டிரெய்லர் ஓட்டுநர், துறைமுகத்தில் ஷிப்ட் பார்க்கிறவர், மீன் வியாபாரம் செய்கிற அக்கா: இவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர். பில் தொகையையே எண்ணி எடுத்து வைத்திருப்பார்கள். அவர்களிடம் டிப்ஸ் எதிர்பார்ப்பது அடாவடி. ஆனால் எழுதாத வேலைக்கு ஈடு காசாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நாங்கள் வருவதற்கு முந்தின நாள் ஒரு கால் மணி நேரம் காதுக்குப் பின்னால் சீவி வைத்தால் எங்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சம். குளியலுக்கு நல்ல தண்ணீர் ரெண்டு குடம் பிடித்து வைக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரியது, நாயைப் பற்றி உண்மையைச் சொல்வது. கடிக்காது சார், சும்மா குரைக்கும் என்கிற வாக்கியத்தால் எங்கள் தொழிலில் விழுந்த தையல்கள் கொஞ்சநஞ்சமல்ல. இதற்கு முன்னால் யாரையாவது கடித்திருக்கிறது, சாப்பிடும்போது கிட்டப் போனால் உறுமும் என்று சொல்லிவிட்டால் வாய்க்கட்டுப் போட்டு வேலையைத் தொடங்கிவிடுவோம். சென்னை மாநகராட்சிக்குள் நாய் உரிமம் வாங்க வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். அத்திப்பட்டு மாநகராட்சிக்கு வெளியே இருக்கிறது என்பதற்காகத் தடுப்பூசி அட்டையை பீரோவுக்குள் வைத்துப் பூட்ட வேண்டியதில்லை. வாசலிலேயே அதை எடுத்துக் காட்டுகிற வீட்டில் கை நடுங்காமல் வேலை செய்யலாம். ஐநூறு ரூபாய் நோட்டு தராத நிம்மதி அது.

கடி விழுந்துவிட்டால் பேச்சே வேறு. அது டிப்ஸ் கணக்கில் சேராது, பாக்கிக் கணக்கில் சேரும். அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம்தான். ஆனால் கடிபட்ட அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை போய் வரிசையில் நிற்க வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு நான்கு அரை நாளாவது போகும். ஆழமான காயமாக இருந்து இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டியிருந்தால் முதல் நாள் முழுதும் அதிலேயே கழியும். கையில் கட்டோடு தண்ணீரில் வேலை செய்ய முடியாது என்பதால் காயம் ஆறும்வரை வருமானமும் இல்லை. இந்த நேரத்தில் நாயின் சொந்தக்காரர் பரிதாபப்பட்டு நூறு ரூபாய் நீட்டுவதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. வேலை இழந்த நாள்களின் கூலியைக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் மரியாதை. கடை வைத்திருப்பவர்கள், ஆட்களுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டு வைத்தால் கடிபட்ட பிறகு போட வேண்டிய ஊசிகளும் குறையும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. அந்தச் செலவைச் சேர்த்து விலையை ஏற்றினால் ஏற்றட்டும். நான் கொடுத்துவிட்டுப் போவேன்.

கடைசியாக, மாதச் சம்பளத்துக்கு நாயை நடத்திக்கொண்டு போகிறவர்கள், ஊருக்குப் போகும்போது வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள். இவர்களுக்கு ஒவ்வொரு முறையும் டிப்ஸ் கொடுப்பது அசட்டுத்தனம். தினம் நடக்கிற வேலையில் எதிர்பாராதது கொஞ்சம்தான். எதிர்பாராதது மொத்தமாக வருவது தீபாவளி இரவில். வெடிச் சத்தத்தில் நடுங்கிக் கட்டிலடியில் பதுங்குகிற நாயோடு, தன் வீட்டுப் பண்டிகையை விட்டுவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த ராத்திரிக்கென்று தனியாகக் கொடுத்தாக வேண்டும். வாக்கருக்கு எவ்வளவு தீபாவளி இனாம் கொடுப்பது என்று என்னிடம் கேட்கிறவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள், அனல்மின் நிலையத்துக்காரர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் வைத்துவிட்டுப் போன 8.33 சதவீதக் கணக்கு இந்தத் தொழிற்பேட்டையில் சின்னப் பிள்ளைக்கும் அத்துப்படி: வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். வருஷத்தில் முப்பது நாள் வேலை செய்திருந்தாலே தகுதி உண்டு என்பதும் தெரியும். நாய் வாக்கருக்குப் போனஸ் சட்டம் பொருந்தாது. அதற்கு நிறுவனத்தில் இருபது பேராவது வேலை செய்ய வேண்டும். அளவுகோலை எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. மாதம் 3,000 ரூபாய்க்கு வருஷம் முழுக்க வந்தவருக்கு 3,000. ஆறு மாதம் முன்னால் சேர்ந்தவருக்கு 1,500. கம்பெனி கேட்டில் இருபது சதவீதம் கேட்டுக் கொடி பிடித்தவர், வீட்டு வாசலில் வந்து நிற்கிற பையனிடம் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு முடித்துக்கொள்வதற்கு என்ன காரணம் சொல்வார் என்று கேட்க எனக்கு ஆசைதான்.